மருந்துக்கு அடங்காத சிவப்பு: சினைப்பைப் புற்றுநோய்க்குப் பிறகு தோலில் வரும் மாற்றம்

மணவாளக்குறிச்சி பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 57 வயது. சினைப்பைப் புற்றுநோய் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன் ஆபரேஷன் நடந்தது. ஆறு கீமோவும் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். ஒரு மாதமாக அடிவயிற்றில், தழும்புக்கு வலது பக்கம் தொடங்கி தொடையிடுக்கு வரைக்கும் சிவந்து தடித்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. செல்லுலைட்டிஸ், அதாவது தோலில் கிருமித் தொற்று என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், குறையவில்லை. புற்றுநோய்க்காக எடுக்கும் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை நார்மல். இது பழைய நோயாக இருக்குமா? சதை எடுத்துப் பார்த்தால் பரவிவிடும் என்று சித்தி சொல்கிறார். மணல் ஆலைப் பக்கம் வீடு இருப்பதால்தான் இதெல்லாம் என்றும் சொல்கிறார்கள். அம்மாவிடம் என்ன சொல்வது?"

நாகர்கோவிலில் தோல் மருத்துவம் பார்க்கிறவள் என்கிற முறையில் பதில் சொல்கிறேன். முதலில் நேரடியாக: ஆம், சினைப்பைப் புற்றுநோய் தோலுக்கு வரலாம், வந்தால் சில சமயம் அச்சு அசலாகக் கிருமித் தொற்று மாதிரியே இருக்கும். இது அபூர்வம். சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஓரிருவர் முதல் ஐந்தாறு பேர் வரைக்கும்தான் தோலில் பரவல் வருகிறது. அதிலும் பெரும்பாலோருக்குச் சின்னச் சின்னக் கட்டிகளாக வரும், சிவந்த தடிப்பாக வருவது இன்னும் குறைவு. ஆனால் உங்கள் அம்மாவின் கதையில் மூன்று விஷயங்கள் சேர்ந்து நிற்கின்றன: முன்பு இருந்த புற்றுநோய், காய்ச்சல் இல்லாத சிவப்பு, இரண்டு சுற்று மருந்துக்கும் அசையாத தடிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் மூன்றாவது ஆன்டிபயாடிக் எழுதக் கூடாது, தோலில் இருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் (இதைத்தான் பயாப்சி என்கிறோம்). இந்த வாரமே எடுக்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இதைப் படிக்கும் வேறு யாராவது, "எனக்கும் புற்றுநோய் இருந்தது, தோல் சிவந்திருக்கிறது, அப்போ ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று முடிவெடுத்துவிடக் கூடாது. கீமோ நடந்துகொண்டிருக்கும்போது உடம்பு சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், தோலில் சிவப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். சிவந்த இடம் கறுத்துப் போனாலோ, நீர்க்கொப்புளம் எழுந்தாலோ, தொட முடியாத அளவு வலி இருந்தாலோ அதுவும் அவசரம். இன்னொன்று, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதற்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும், பயாப்சிக்குக் காத்திருக்கக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனாலும் காலை ஒருமுறை பாருங்கள். இரண்டு கெண்டைக்காலையும் நூலால் சுற்றி அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

புற்றுநோய் எப்படித் தொற்று வேஷம் போடுகிறது? தோலுக்குள் ரத்தக் குழாய்களோடு நிணநீர்க் குழாய்கள் என்று மிக நுண்ணிய குழாய்களும் ஓடுகின்றன. திசுக்களில் தேங்கும் நீரை வடித்து, தொடையிடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் இருக்கும் நெறிகளுக்குக் கொண்டுபோவது அவற்றின் வேலை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் சானலில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். தண்ணீர் மேலே போக முடியாமல் கரையேறி இரண்டு பக்க வயலிலும் பரவும். புற்றுநோய்ச் செல்கள் திரளாக இந்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைக்கும்போது அதேதான் நடக்கிறது. நீர் தேங்குகிறது, சுற்றியுள்ள ரத்த நுண்குழாய்கள் விரிந்து நிறைகின்றன, தோல் சிவக்கிறது, தடிக்கிறது, கொஞ்சம் சூடாகவும் இருக்கிறது. அங்கே கிருமி இல்லை. அதனால்தான் ஆன்டிபயாடிக் அதைத் தொடவே முடிவதில்லை.

இடுப்புக்குள் இருக்கும் நெறிகளை ஆபரேஷனில் எடுத்திருந்தாலோ, அவை நோயால் அடைபட்டிருந்தாலோ, நிணநீர் போக வழியில்லாமல் பின்னோக்கித் திரும்பும். அப்போது அதோடு சேர்ந்து செல்களும் அடிவயிறு, தொடையிடுக்கு, தொடையின் உட்பக்கம் ஆகிய இடங்களுக்கு வரும். உங்கள் அம்மாவுக்குச் சிவந்திருக்கும் இடம் இந்த வரைபடத்துக்குள் அப்படியே பொருந்துகிறது, நான் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு வழிகளும் உண்டு: ஆபரேஷன் தழும்பு, லேப்ராஸ்கோப்பி துளை, வயிற்று நீர் எடுத்த ஊசித் தடம் வழியாக நேராகத் தோலுக்கு வருவது ஒன்று, ரத்தம் வழியாகத் தூரத்துத் தோலுக்குப் போவது இன்னொன்று.

இந்த நோயில் எல்லோரும் மறந்துவிடும் ஓர் இடம் தொப்புள். வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் தொப்புளில் கெட்டியான, சில சமயம் கசியும் ஒரு கட்டியாக எட்டிப் பார்க்கும். அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் மேயோ என்ற அறுவைச் சிகிச்சை நிபுணருக்குத் துணையாக இருந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் மேரி ஜோசப். ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளின் வயிற்றைச் சுத்தம் செய்யும்போது, தொப்புளில் கட்டி இருப்பவர்களுக்கு உள்ளே நோய் முற்றியிருப்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் அவர்தான். 1949-ல் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்தக் கட்டிக்கு அவர் பெயரையே வைத்தார். தினமும் தோலைத் தொட்டுத் துடைத்தவர் கண்ணில்தான் அது பட்டிருக்கிறது. அம்மாவின் தொப்புளையும் நன்றாக விரித்துப் பாருங்கள்.

தொற்றையும் இதையும் பிரித்துக் காட்டும் அடையாளங்களைச் சொல்கிறேன். ஆனால் இவற்றை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுத முடியாது. உண்மையான செல்லுலைட்டிஸ் வேகமாக வரும். நேற்று இல்லாதது இன்று காலையில் சிவந்திருக்கும். குளிர் நடுக்கம், காய்ச்சல், தொட்டால் எரிச்சல், வெள்ளை அணு எண்ணிக்கை கூடுவது என்று ஊரையே கூட்டும். சரியான மருந்து போனால் இரண்டு மூன்று நாளில் பின்வாங்கத் தொடங்கும். புற்றுநோய்த் தடிப்பு மெதுவாக வரும். வாரக் கணக்கில் ஊரும். வலி குறைவு, சிலருக்கு லேசாகக் காந்தும். விரலால் அழுத்தினால் தொற்றில் இருக்கும் மெத்தென்ற வீக்கம் இருக்காது, தோல் அடியோடு இறுகி மரக்கட்டை பட்டது மாதிரி இருக்கும், சுருக்கிப் பிடிக்க முடியாது. மயிர்த்துளைகள் குழிந்து பெரிதாகத் தெரியும். ஓரம் பெரும்பாலும் தெளிவாக, சற்று மேடாக இருக்கும். சிவப்புக்கு நடுவே அரிசி அளவில் சின்னக் கட்டிகள் விரலில் நெருடினால் சந்தேகம் பல மடங்கு கூடுகிறது.

இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தை முழுக்க ஒரு கோடாக வரையுங்கள். பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு போட்டோ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொன்று. டாக்டரிடம் "கூடிட்டு வருது, கொறையல" என்று வாயால் சொல்வதைவிட அந்தப் படங்கள் அதிகம் பேசும். "ஒரு மாசமா அப்பிடியேதான் இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே தோல் மருத்துவருக்குக் காது நிமிரும், ஆனால் படம் இருந்தால் மறுக்கவே முடியாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த நோய் தவறவிடப்படுவதற்குச் சில உள்ளூர்க் காரணங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. யானைக்கால் நோயை நேரில் பார்த்து வளர்ந்த கடற்கரை ஊர்கள் நமக்கு உண்டு. தொடையிடுக்கில் வலியும் காலில் சிவப்பும் வந்தால் "நெறி கட்டியிருக்கு, அதான்" என்று பாட்டிமாரே சொல்லிவிடுவார்கள். அதில் தப்பில்லை, பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு தடவை ஒரு பாட்டியம்மா வந்தார். வலது தொடையின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து இறுகியிருந்தது. பல மாதங்களாக யானைக்கால் காய்ச்சல் என்றே மருந்து. கூட வந்த மகன் அந்தக் காலைப் பற்றி மட்டுமே பேசினார். நான் சேலையை விலக்கி வயிற்றைப் பார்த்தபோதுதான் நெடுக்காக ஒரு பழைய தழும்பு இருந்தது. "இது எப்போ?" என்று கேட்டேன். "அது நாலு வருஷம் முன்ன கெர்ப்பப் பைய எடுத்தது, ஏதோ கட்டி இருந்துச்சுன்னு சொன்னாவ" என்றார் பாட்டி. அந்தக் கட்டி சினைப்பைப் புற்றுநோய். வீட்டில் இருந்த பழைய காகிதத்தைத் தேடி எடுத்தபோது தெரிந்தது. தொடையில் இருந்து எடுத்த துண்டிலும் அதே நோய்தான் வந்தது. புற்றுநோய் வந்து போன கதையைச் சொல்லாமல் தோல் சிவப்பை மட்டும் காட்டினால், எந்த டாக்டருக்கும் முதலில் தொற்றுதான் மனசில் வரும். அது இயல்பு. அதனால் புது டாக்டரிடம் போனால் முதல் வாக்கியமே "அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் இருந்தது" என்பதாக இருக்கட்டும்.

அடுத்தது அக்கி. புற்றுநோய் சில சமயம் ஒரு பக்கமாக, பட்டை போல, அக்கியைப் போலவே தோலில் வரிசை கட்டும். கீமோ எடுத்தவர்களுக்கு நிஜமான அக்கியும் அடிக்கடி வரும் என்பதால் குழப்பம் கூடுகிறது. நிஜமான அக்கியில் முதலில் குத்தும் வலி வரும், பிறகு தெளிந்த நீர் கோத்த கொப்புளங்கள் கொத்தாக எழும், ஒரு வாரம் பத்து நாளில் பொருக்குக் கட்டி, மூன்று நான்கு வாரத்துக்குள் ஆறிவிடும். புற்றுநோயில் கொப்புளம் போலத் தெரிவதும் குத்தினால் நீர் வராமல் கெட்டியாக இருக்கும். பொருக்குத் தட்டாது, வாரம் போகப் போக எண்ணிக்கை கூடும். இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: காவி மண் குழைத்து அக்கி எழுதிவிட்டு அதே நாளில் டாக்டரிடம் வராதீர்கள். காவிக்கு அடியில் தோலின் நிறமே தெரியாது. எழுதியிருந்தால் இதமான தண்ணீரில் கழுவிவிட்டு வாருங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூஞ்சைக்கும், கிருமிக்கும், அரிப்புக்கும் என்று மூன்றையும் சேர்த்து, அதோடு ஸ்டீராய்டும் கலந்த டியூப்கள் அவை. ஸ்டீராய்டு போட்டால் எந்தச் சிவப்பும் ஒரு வாரத்துக்கு மங்கும். "குறைஞ்சுட்டு" என்ற பொய் நம்பிக்கை வரும், பிறகு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். அந்த ஒரு வாரம் வீணாகிவிடுகிறது. தைலம் போட்டுத் தடவி உருவுவதும் வேண்டாம். வர்ம வைத்தியத்தின் மீது நம் ஊருக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும், சுளுக்குக்கும் மூட்டுக்கும் அது இருக்கட்டும். இறுகிய இந்தத் தோல் மெலிந்து உரியக்கூடியது. உரிந்தால் புண்ணாகி, இப்போது இல்லாத தொற்று அப்போது நிஜமாகவே வந்துவிடும்.

சி.ஏ. 125 நார்மல் என்ற செய்தியில் நிம்மதி அடைந்திருப்பீர்கள். அந்த நிம்மதி எவ்வளவு நிற்கும் என்று பார்க்கலாம். நார்மலுக்கு 35 என்ற எல்லை எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. ஆபரேஷனுக்கு முன் அம்மாவுக்கு அந்த எண் எவ்வளவு இருந்தது என்று பழைய ஃபைலில் தேடுங்கள். அப்போதே நோய் இருந்தும் எண் ஏறாதவராக இருந்தால், இப்போது அது நார்மல் என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அப்போது பல நூறு இருந்து, சிகிச்சைக்குப் பின் 8, 9 என்று இறங்கி, இப்போது 28 என்று வந்திருந்தால், ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சடித்திருந்தாலும் அது ஏறிக்கொண்டிருக்கும் எண். தோலில் மட்டும் கொஞ்சம் நோய் இருக்கும்போது எண் அசையாமலும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை தோலைக் குற்றமற்றது என்று விடுதலை செய்துவிட முடியாது.

இனி சித்தி சொன்ன பயம். கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக நம் ஊரில் இருக்கிறது. அதற்கு ஒரு வேர் உண்டு: அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகுதான் ஆபரேஷனுக்கே வருவார்கள். ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் இறந்துபோவதைப் பார்த்தவர்கள் கத்தியைக் குற்றம் சொன்னார்கள். சினைப்பையில் முழுசாக, உறை கிழியாமல் இருக்கும் கட்டியை வெளியிலிருந்து ஊசியால் குத்தக் கூடாது என்பது உண்மை, அதை மருத்துவர்களும் தவிர்ப்பார்கள். ஆனால் தோலுக்கு வந்துவிட்ட தடிப்பில் ஒரு பட்டாணி அளவு துண்டு எடுப்பதால் நோய் வேறெங்கும் போகாது. எடுக்காமல் விடுவதால் சரியான மருந்து தொடங்காமல் மாதங்கள் போகும், ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பயாப்சி எப்படி நடக்கும் என்று தெரிந்தால் அம்மாவுக்கும் பயம் குறையும். படுக்க வைத்து, சிவப்பின் ஓரமும் நடுவும் கெட்டியாக இருக்கும் இடத்தை விரலால் தேடி ஒரு புள்ளி வைப்போம். லிக்னோகெய்ன் ஊசி போடும்போது ஒரு சுருக், அதன்பின் மரத்துவிடும். வட்டமான சின்ன வெட்டுக் குழாய் ஒன்றை, நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் அகலம் உள்ளதை, தோலில் வைத்துச் சுழற்றினால் சதைத் துண்டு ஒரு சிறு தூண் போல மேலே வரும். அதன் அடியில் மஞ்சளாகக் கொழுப்பு ஒட்டியிருக்க வேண்டும். கொழுப்பு தெரிந்தால்தான் தோலின் முழு ஆழமும் வந்திருக்கிறது என்று அர்த்தம். மேலோட்டமாகச் சீவிய துண்டில் அடைபட்ட நிணநீர்க் குழாய் வராமலே போகலாம். ஒன்றிரண்டு தையல் போட்டு, ஒரு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடுவோம். அம்மா அன்றைக்கே வீட்டில் சமைக்கலாம். முன்னதாகத் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வோம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, நோய் திரும்பாமலிருக்கப் பராமரிப்புக்காகக் கொடுக்கும் ஓலாபரிப் மாத்திரை, பெவாசிசுமாப் ஊசி ஏதாவது எடுக்கிறாரா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பெவாசிசுமாப் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், ஓலாபரிப் ரத்த அணுக்களைக் குறைக்கும்.

எடுத்த துண்டு இரண்டாகப் போக வேண்டும். ஒன்று சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் புட்டியில், நுண்ணோக்கியில் பார்க்கும் பேத்தாலஜிக்கு, மற்றொன்று வெறும் சலைன் புட்டியில் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு. ஃபார்மலினில் போட்டதில் கிருமி வளராது, சலைனில் போட்டதைப் பேத்தாலஜிக்கு நாளைக்கு அனுப்பினால் செல்கள் அழுகிப் போயிருக்கும். இதைக் கவனிப்பது எங்கள் வேலைதான், ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது "இதுல ஃபார்மலின் இருக்கா?" என்று கேட்டால் யாரும் கோபப்படமாட்டார்கள். கூடவே போகும் காகிதத்தில் "தோல் தடிப்பு, செல்லுலைட்டிஸ் சந்தேகம்" என்று மட்டும் எழுதினால் நுண்ணோக்கியின் மறுமுனையில் இருப்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். சினைப்பைப் புற்றுநோய் இருந்தது, எந்த வகை, ஆபரேஷன் எந்த வருஷம், கடைசி கீமோ எந்த மாதம் என்று நான்கு வரி இருக்கட்டும்.

முடிந்தால் பழைய ஆபரேஷனில் எடுத்த கட்டியின் மெழுகு பிளாக்கையோ ஸ்லைடுகளையோ கேட்டு வாங்குங்கள். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி பிரிவில், ஃபைல் நம்பரோடு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். பழைய கட்டியையும் புதுத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. பிறகு துண்டின் மீது சில நிறச் சோதனைகள் செய்வார்கள். பாக்ஸ் 8, டபிள்யூ.டி. 1, சி.கே. 7 ஆகியவை நிறம் பிடித்து, சி.கே. 20 பிடிக்காமல் இருந்தால் சினைப்பையை நோக்கிக் கை காட்டுகிறது. மார்பகப் புற்றுநோயும் இதே மாதிரித் தொற்று வேஷம் போடும் என்பதால், உண்மையில் இந்த வேஷத்தை அதிகம் போடுவது அதுதான் என்பதால், அதற்கான காட்டா 3 சோதனையும் சேர்ப்பார்கள். முதல் ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம், நிறச் சோதனைகளுக்கு மேலும் சில நாள் ஆகும். ரிப்போர்ட் "புற்றுநோய் இல்லை" என்று வந்து, சிவப்பு அப்படியே இருந்தால், வேறு இடத்தில் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். அடைப்பு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது.

ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்றே வந்தால்? மறைக்காமல் சொல்கிறேன். தோலுக்கு வந்த நோய், தூரத்துக்குப் பரவிய முற்றிய நோய் என்ற கணக்கில் வரும். பெரும்பாலும் வயிற்றுக்குள்ளும் வேறெங்காவதும் நோய் திரும்பியிருக்கும், அதனால் சி.டி. அல்லது பெட் ஸ்கேன் எடுப்பார்கள். முழுசாகக் குணமாக்குவது இந்தக் கட்டத்தில் பொதுவாக முடிவதில்லை. நோயைப் பின்னுக்குத் தள்ளி, நல்ல நாட்களை நீட்டுவதுதான் இலக்கு. அதற்கு வழிகள் இருக்கின்றன. கடைசி கார்போபிளாட்டின் கீமோ முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதே வகை மருந்து மறுபடியும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம், சிவப்பு மங்கித் தோல் இளகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு மாதத்துக்குள் திரும்பியிருந்தால் வேறு மருந்துகளுக்குப் போவார்கள். உங்கள் அம்மாவுக்கு எந்தப் பக்கம் என்பது அந்தக் கடைசித் தேதியில் இருக்கிறது. கணக்கு எடுத்துப் பாருங்கள். வலிக்கும் அல்லது கசியும் இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. தோலில் பரவிய பிறகு பெரும்பாலோருக்கு மாதக் கணக்கில்தான் பேச வேண்டியிருக்கிறது, சிலர் அதைத் தாண்டி நல்ல காலம் வாழ்கிறார்கள். மருந்துக்கு எப்படி இணங்குகிறது என்பதைப் பார்த்த பிறகே உங்கள் டாக்டரால் இதற்கு மேல் சொல்ல முடியும்.

தோல் உடைந்து புண்ணானால் நாற்றம்தான் குடும்பத்தை முதலில் உடைக்கும். அதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது: மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுவது, அல்லது அதன் ஜெல். சில நாளில் நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டும் துணி புண்ணில் ஒட்டாத வகையாக இருக்க வேண்டும், சலைனில் நனைத்துத்தான் பிரிக்க வேண்டும். வலிக்கு மார்பின் மாத்திரை என்றால் பதற வேண்டாம், டாக்டர் சொல்லும் அளவில் அது பாதுகாப்பானது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த் தணிப்புச் சேவை செய்வதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். இந்தச் சேவையைக் கடைசி வாரத்துக்கென்று ஒதுக்கிவைக்காதீர்கள், கீமோ நடக்கும்போதே தொடங்கலாம்.

எங்கே போவது என்பது உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பயாப்சிக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவோ அறுவைப் பிரிவோ போதும். அதற்காகத் திருவனந்தபுரம் போய் வரிசையில் நிற்க வேண்டாம். ரிப்போர்ட் கையில் வந்த பிறகு, அம்மாவுக்கு முதலில் சிகிச்சை கொடுத்த புற்றுநோய் டாக்டரிடமே போவதுதான் நல்லது, அவருக்கு முழுக் கதையும் தெரியும். நெய்யூரிலும் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போங்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை அதில் அடங்கும்.

மணலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும், அதில் தோரியம் இருப்பதும், அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம் என்பதும் உண்மை. இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடுவதாக அதில் தெரியவில்லை. மணலை அள்ளுவதால் கரைக்கும் மீனவருக்கும் வரும் கேடுகள் தனி வழக்கு, அதைப் பேச வேண்டிய இடத்தில் பேசுவோம். அம்மா அந்த வீட்டில் இருந்ததால்தான் வந்தது என்று நீங்கள் குற்ற உணர்வில் நோக வேண்டியதில்லை.

அதைவிட உங்களுக்குத் தேவையான ஒன்று பரம்பரை. அம்மாவுக்கு பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். மாற்றம் இருந்தால் அம்மாவின் மருந்துத் தேர்வே மாறும், ஓலாபரிப் போன்றவை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பிள்ளைக்கும் அப்படியே. உங்களுக்கும் இருப்பதாகத் தெரிந்தால், பிள்ளைப்பேறு முடிந்தபின் நாற்பதை ஒட்டிய வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுப்பது பற்றிப் பேசலாம், மார்பகத்தையும் கண்காணிக்கலாம். வருஷா வருஷம் ஸ்கேனும் சி.ஏ. 125-உம் எடுத்துக்கொண்டே இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வில், அப்படிக் கண்காணித்ததால் இறப்பு குறையவில்லை என்று 2021-ல் தெரிந்தது.

கடைசியாக, அம்மாவிடம் என்ன சொல்வது. "தோல்ல ஏதோ அலர்ஜி" என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். ஆறு கீமோ தாங்கியவருக்குத் தன் உடம்பைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும், மருந்து குறைக்கவில்லை என்பதையும் தினமும் குளிக்கும்போது அவரேதான் பார்க்கிறார். இப்போதைக்கு உண்மை இவ்வளவுதான்: "இது தொற்று மாதிரி இல்ல அம்மா, பழைய நோயோட சம்பந்தம் இருக்கான்னு பாக்கணும், அதுக்கு ஒரு சின்னத் துண்டு எடுக்கணும்." இதில் பொய் இல்லை, முடிவும் இல்லை. ரிப்போர்ட் வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், அவர் முன்னால் வைத்தே டாக்டரிடம் கேளுங்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரே சொல்வார். சிலர் எல்லாம் கேட்பார்கள், சிலர் "நீங்களே பேசிக்கிடுங்க மக்களே" என்று வெளியே போய் உட்காருவார்கள். இரண்டும் சரிதான். திங்கட்கிழமை காலையில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பேத்தாலஜி ரிப்போர்ட், கீமோ சீட்டு, இரண்டு ஆன்டிபயாடிக் அட்டையின் பெயர், நீங்கள் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒ.பி. சீட்டு கொடுக்கும் நேரத்துக்கு முன்பே போய்விட்டால் அன்றைக்கே பயாப்சி எடுக்க வாய்ப்பு அதிகம்.